சிங்கப்பூரை உருவாக்கியவர்கள் யார் யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து யார் வந்தாலும் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் கைகட்டி நிற்கும் ராஃபிள்ஸ் துரையின் வெள்ளைச் சிலைக்கு முன்னால் ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். எடுத்து முடித்ததும் கேள்விகள் ஆரம்பிக்கும். பத்து முறை பதில் சொன்ன கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எனக்கும் வேலை மிச்சம் என்று தோன்றியது. 1819-லிருந்து ஏறக்குறைய 1850 வரை இந்த ஊரின் போக்கைத் தீர்மானித்த ஆட்களைப் பற்றி மட்டும்தான் இங்கே. லீ குவான் யூவைத் தேடி வந்தவர்கள் மன்னிக்கவும்.

சிங்கப்பூரைக் கண்டுபிடித்தவர் ராஃபிள்ஸ்தானே?

காணாமல் போயிருந்தால் அல்லவா கண்டுபிடிக்க வேண்டும்? 14-ஆம் நூற்றாண்டில் துமாசிக் என்ற பெயரில் இங்கே ஒரு துறைமுகம் இருந்தது. சிங்கப்பூரா என்ற சமஸ்கிருதப் பெயரும் ஆங்கிலேயர் வைத்ததல்ல. ஸ்ரீவிஜய இளவரசன் சாங் நீல உத்தமன் இங்கே ஒரு சிங்கத்தைப் பார்த்ததாக மலாய்க்காரர்கள் சொல்லும் கதையோடு வந்த பெயர். (இந்தக் காட்டில் சிங்கம் கிடையாது. அவன் பார்த்தது புலியாக இருக்கலாம் என்பார்கள்.)

1819-இல் தீவில் ஏறக்குறைய ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் படகிலேயே காலம் தள்ளிய கடலோடி மக்கள். ஆற்று முகத்தில் தெமெங்கோங் அப்துல் ரஹ்மானின் குடியிருப்பு இருந்தது. தெமெங்கோங் என்பது ஜொகூர் சுல்தானகத்தில் சுல்தானுக்கு அடுத்த வரிசையில் வரும் பெரிய பதவி. உள்ளே குன்றுகளில் சில சீனர்கள் கேம்பியர் பயிரிட்டுக்கொண்டிருந்தார்கள். வெற்றிலையோடு சேர்த்து மெல்லவும் தோல் பதனிடவும் பயன்பட்ட சரக்கு அது. ஆக, ராஃபிள்ஸ் வந்திறங்கியபோது ஊரும் இருந்தது, அதற்கு ஒரு தலைவரும் இருந்தார்.

அப்படியானால் 1819-இல் நடந்தது என்ன?

ஒரு வாடகை ஒப்பந்தம். அதில் கொஞ்சம் தில்லுமுல்லும் உண்டு.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தியாவிலிருந்து சீனாவுக்குப் போகும் கடல்வழியில் தெற்கே ஒரு நல்ல துறைமுகம் வேண்டியிருந்தது. மலாக்காவை 1818-இல் டச்சுக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. பினாங்கு ரொம்ப வடக்கே இருந்தது. அப்போது சுமத்ராவின் பெங்கூலனில் துணை ஆளுநராக இருந்தவர் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ். ஜமைக்காவுக்கு அருகே கப்பலில் பிறந்து, 14 வயதில் லண்டனில் கம்பெனியின் எழுத்தராக வேலைக்குச் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்த மனிதர். கல்கத்தாவுக்குப் போய் கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் பிரபுவிடம் பேசி ஓர் அனுமதி வாங்கினார். டச்சுக்காரர்களோடு மோதல் வரக்கூடாது என்பது நிபந்தனை.

1819 ஜனவரி 28 அன்று கப்பல்கள் தீவுக்கு அருகே நங்கூரம் போட்டன. மறுநாள் கரை இறங்கி, அதற்கு மறுநாளே தெமெங்கோங்கோடு ஒரு முன் ஒப்பந்தம். ஆனால் சுல்தானின் கையெழுத்து இல்லாமல் அது செல்லாது. இருந்த சுல்தானோ டச்சுக்காரர்களின் பிடியில். இங்கேதான் வாரிசுச் சண்டை கைகொடுத்தது. 1812-இல் பழைய சுல்தான் இறந்தபோது, மூத்த மகன் ஹுசேன் ஊரில் இல்லாததால் இளையவருக்குப் பட்டம் கட்டிவிட்டார்கள். ராஃபிள்ஸ் அந்த மூத்தவரைத் தெற்கே ரியாவ் தீவுகள் பக்கத்திலிருந்து வரவழைத்து, "நீங்கள்தான் உண்மையான சுல்தான்" என்று பட்டம் சூட்டி, பிப்ரவரி 6 அன்று அவரிடமே கையெழுத்து வாங்கிவிட்டார். பத்திரத்தில் கையெழுத்துப் போட உரிமையாளரைத் தேடினார்கள், கிடைக்கவில்லை, ஒருவரை உரிமையாளர் ஆக்கிவிட்டார்கள். நம்மூர் பத்திர ஆபீஸ் வாசலில் நின்று பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

சுல்தானுக்கு ஆண்டுக்கு 5,000 ஸ்பானிய டாலர், தெமெங்கோங்குக்கு 3,000. பதிலுக்குக் கம்பெனி இங்கே வணிக நிலையம் வைத்துக்கொள்ளலாம். தீவு கம்பெனிக்குச் சொந்தமாகவில்லை. கிரயம் ஆனது 1824-இல், அதற்குப் பிறகு வருகிறேன்.

வெள்ளைக்காரர்களிலேயே இதை எதிர்த்தவர்கள் உண்டாமே?

உண்டு. முதல் எதிர்ப்பாளரின் பெயர் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும்: பானர்மேன். 1799-இல் பாஞ்சாலங்குறிச்சி மீது படை நடத்தி, கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட அதே மேஜர் பானர்மேன்தான். அதன்பின் இங்கிலாந்து போய், கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவராகி, 1817-இல் பினாங்கின் ஆளுநராக வந்து உட்கார்ந்திருந்தார். தெற்கே இன்னொரு துறைமுகம் வந்தால் தன் பினாங்கு படுத்துவிடும் என்று அவருக்குத் தெரியும். சிங்கப்பூருக்கு டச்சுத் தாக்குதல் வரலாம் என்ற பயத்தில் உதவிப்படை கேட்டபோது கையை விரித்தார். தீவைக் காலி செய்துவிட்டு வந்துவிடுங்கள் என்பதுதான் அவர் சொன்ன யோசனை. கல்கத்தா அவரைக் கண்டித்த பிறகுதான் வழிக்கு வந்தார். அதே 1819 ஆகஸ்டில் பினாங்கில் இறந்தும் போனார்.

பினாங்கு பற்றி அவர் பயந்தது சரிதான். 1826-இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் சேர்த்து நீரிணைக் குடியேற்றங்கள் என்று ஆக்கினார்கள், தலைநகர் பினாங்கு. ஆறே வருடத்தில் தலைநகர் சிங்கப்பூருக்கு இடம் மாறிவிட்டது.

ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் எத்தனை ஆண்டுகள் இருந்தார்?

ஆண்டுக்கணக்கே இல்லை. மூன்று முறை வந்தார். முதல் முறை பத்து நாள். 1819 மே கடைசியில் இரண்டாம் முறை வந்து நான்கு வாரம். 1822 அக்டோபரிலிருந்து 1823 ஜூன் வரை மூன்றாம் முறை, எட்டு மாதம். எல்லாம் கூட்டினால் பத்து மாதத்தைத் தாண்டாது. அந்தக் கடைசி எட்டு மாதத்தில் அவர் செய்த வேலை நிஜமாகவே ஏராளம். ஆனால் மற்ற நாட்களில் ஊர் தானாக ஓடவில்லை.

பிறகு ஊரை நடத்தியது யார்?

வில்லியம் ஃபார்குவார். என்னைக் கேட்டால் இந்தக் கதையின் முக்கியமான ஆள் இவர்தான்.

ஸ்காட்லாந்துக்காரர். மதராஸ் பொறியாளர் படையில் பயிற்சி வீரராகச் சேர்ந்து கம்பெனி உத்தியோகத்தைத் தொடங்கியவர். மலாக்காவில் பல ஆண்டுகள் நிர்வாகம் பார்த்தார், மலாய் பேசினார், அந்த ஊரில் பிறந்த நோனியோ கிளமென்ட் என்ற பெண்ணோடு குடும்பம் நடத்தினார். மக்கள் அவரை 'ராஜா மலாக்கா' என்றே கூப்பிட்டார்கள். ராஃபிள்ஸ் 1819 பிப்ரவரி 7 அன்று கப்பலேறிப் போய்விட, முதல் ரெசிடெண்டாக, அதாவது கம்பெனியின் நிர்வாகத் தலைவராக, இவர் இங்கேயே தங்கினார்.

கையில் இருந்தது நூற்றுச் சொச்சம் சிப்பாய்கள், புதர் மண்டிய கரை, கொஞ்சம் பணம். அரிசி இல்லை, காய்கறி இல்லை. மலாக்காவுக்குச் சொல்லி அனுப்பினார்: சாமான்களோடு வாருங்கள், நல்ல விலைக்கு விற்கலாம். ராஜா மலாக்கா கூப்பிட்டார் என்றதும் டச்சுக்காரர்கள் தடுத்தும் கேட்காமல் படகு படகாக ஆட்கள் வந்தார்கள். வணிகர், தச்சர், கோழி விற்பவர், கணக்கெழுதுபவர் என்று முதல் சந்தைக்குத் தேவையான எல்லோரும். ராஃபிள்ஸின் திட்டத்தை நம்பி வந்ததைவிட ஃபார்குவாரின் முகத்துக்காக வந்தவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

அப்போது ஊரில் எலித் தொல்லை. பூனைகளையே எலிகள் சேர்ந்து தாக்கின என்று அன்றைய எழுத்தர் முன்ஷி அப்துல்லா தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஒரு எலிக்கு இவ்வளவு காசு என்று ஃபார்குவார் அறிவித்தார். மூட்டை மூட்டையாக எலி வந்து குவிந்தது. எலி ஒழிந்ததும் பூரான் தொல்லை. அதற்கும் அதே வைத்தியம். இன்றைக்குக் கொசு வளர்ந்தால் வீட்டுக்காரருக்கு அபராதம் போடும் ஊரில், ஆரம்பத்தில் காசு கொடுத்துதான் ஆளைப் பிடித்தார்கள்.

இன்னொன்றும் அப்துல்லா சொல்கிறார். இன்று ஃபோர்ட் கேன்னிங் எனப்படும் குன்று அன்று 'தடைசெய்யப்பட்ட குன்று'. பழைய ராஜாக்களின் ஆவி உலவுகிறது என்று யாரும் ஏறமாட்டார்கள். ஃபார்குவார் மலாக்கா ஆட்களைக் கூட்டிக்கொண்டு பீரங்கி ஒன்றை மேலே இழுத்துப்போய்ச் சுடவைத்தார். பயம் தெளிந்தது, பாதையும் போட்டாயிற்று.

இருவருக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை?

மூன்று விஷயம். பணம், நிலம், ஒழுக்கம்.

சுங்கவரி வாங்கக்கூடாது, சிங்கப்பூர் திறந்த துறைமுகமாக இருக்க வேண்டும் என்பது ராஃபிள்ஸின் கட்டளை. செலவையும் குறைக்கச் சொன்னார். காவலருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? ஃபார்குவார் 1820-இல் அபின், சாராயம், சூதாட்டம் மூன்றையும் குத்தகைக்கு விட்டார். சேவல் சண்டையையும் அடிமை வியாபாரத்தையும் கண்டும் காணாமல் விட்டார். நிலத்திலும் அப்படித்தான். ஆற்றின் தென்கரை வெறும் சேறு, அங்கே கிடங்கு கட்டமுடியாது என்று வணிகர்கள் முறையிட, அரசுக் கட்டடங்களுக்கென ராஃபிள்ஸ் ஒதுக்கச் சொன்ன வடகரையிலேயே அவர்களைக் கட்டிக்கொள்ள அனுமதித்தார்.

1822 அக்டோபரில் ராஃபிள்ஸ் திரும்பி வந்து பார்த்து எரிந்து விழுந்தார். அவருடைய அன்றைய நிலையையும் சொல்ல வேண்டும். 1821 ஜூலைக்கும் 1822 ஜனவரிக்கும் இடையே பெங்கூலனில் அவருக்கு மூன்று குழந்தைகள் இறந்திருந்தார்கள். தீராத தலைவலி வேறு. அப்படிப்பட்ட மனநிலையில் வந்தவருக்கு எதிரில், மூன்றரை வருடமாகத் தன் போக்கில் ஊரை நடத்திப் பழகிவிட்ட இன்னொருவர்.

1823 மார்ச் 11 அன்று சையது யாசின் என்ற வணிகர், கடன் வழக்கு ஒன்றின் கோபத்தில் ஓடிவந்து ஃபார்குவாரைக் கத்தியால் குத்தினார். ஃபார்குவார் பிழைத்துக்கொண்டார். குத்தியவர் அங்கேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த உடலை எல்லோரும் பார்க்கும்படி தொங்கவிடச் செய்தார் ராஃபிள்ஸ். மலாய்க்காரர்கள் கொதித்துப்போனார்கள். பின்னர் அந்த ஆளின் சமாதியை மக்கள் வழிபடத் தொடங்கியதுதான் மிச்சம்.

சில வாரங்களில் ஃபார்குவாரின் பதவி பறிக்கப்பட்டது. ஆண்டுக் கடைசியில் அவர் கப்பலேறியபோது ஊரே திரண்டு வந்தது. சீனர், மலாய்க்காரர், இந்தியர் எல்லோரும் படகுகளில் கூடவே வந்து வழியனுப்பியதை அப்துல்லா உருக்கமாக எழுதியிருக்கிறார். ராஃபிள்ஸைப் போற்றியவர்தான் அவர். இருந்தும் இந்தக் காட்சியை மறைக்கவில்லை.

ராஃபிள்ஸ் போட்ட நகரத் திட்டம் என்ன ஆனது?

இன்றும் அதன் மேல்தான் நடந்துகொண்டிருக்கிறோம். 1822-இல் ஒரு நகரக் குழு அமைத்து, லெப்டினன்ட் பிலிப் ஜாக்சனைக் கொண்டு வரைபடம் போட்டார். ஆற்றின் வடக்கே அரசு, தென்கரையில் வணிகம். ஒரு குன்றையே வெட்டி அந்த மண்ணால் சதுப்பைத் தூர்த்தார்கள். குன்று இருந்த இடம்தான் இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸ். சீனர்களுக்கு ஒரு கம்போங் (மலாயில் கிராமம், குடியிருப்பு), அரபுகளுக்கும் சுலவேசியிலிருந்து வந்த பூகிஸ்காரர்களுக்கும் கம்போங் கிளாம் பக்கம், தென்னிந்தியர்களுக்கு ஆற்றோரம் சூலியா கம்போங் என்று இனவாரியாகப் பிரித்தார். சேர்ந்து இருந்தால் சண்டை வரும் என்பது அந்தக் கால துரைகளின் கணக்கு.

ஒவ்வொரு கடை முன்னாலும் ஐந்தடி அகலத்துக்குக் கூரையுள்ள நடைபாதை இருக்க வேண்டும் என்பதும் அவர் உத்தரவுதான். இங்குள்ள தமிழர்கள் அதை 'அஞ்சடி' என்பார்கள். மழைக்கு ஒதுங்கும்போதெல்லாம் அவருக்கு ஒரு நன்றி சொல்லலாம், தப்பில்லை.

அந்த எட்டு மாதத்தில் பின்னர் ராஃபிள்ஸ் கல்வி நிலையமாக ஆன பள்ளிக்கு அடிக்கல் நாட்டினார், சூதாட்டத்தைத் தடை செய்தார், அடிமை வியாபாரத்தை நிறுத்தினார், குன்றின் மேல் தோட்டம் போட்டார். 1823 ஜூனில் கிளம்பினார். திரும்ப வரவே இல்லை.

ஜான் கிராஃபர்ட் என்பவர் யார்? கேள்விப்பட்டதே இல்லையே.

பலரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அவருக்குச் சிலை இல்லை. சிரித்த முகமும் இல்லை என்பார்கள். கஞ்சத்தனமும் முன்கோபமும் உள்ளவர் என்று அப்துல்லாவே எழுதியிருக்கிறார். ஆனால் சிங்கப்பூரை பிரிட்டனுக்குச் சட்டப்படி சொந்தமாக்கியவர் இந்த ஸ்காட்லாந்து மருத்துவர்தான்.

1823 ஜூன் முதல் 1826 வரை ரெசிடெண்டாக இருந்தார். 1824 மார்ச்சில் லண்டனில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் வரைபடத்தில் கோடு கிழித்துப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். மலாக்கா இவர்களுக்கு, பெங்கூலன் அவர்களுக்கு. ராஃபிள்ஸ் பிள்ளைகளைப் புதைத்த பெங்கூலன் கடைசியில் டச்சுக்காரர் கைக்குப் போனது. அதே ஆண்டு ஆகஸ்ட் 2 அன்று கிராஃபர்ட் சுல்தானோடும் தெமெங்கோங்கோடும் புது ஒப்பந்தம் போட்டார். சுல்தானுக்கு ரொக்கமாக 33,200 ஸ்பானிய டாலர், மாதம் 1,300. தெமெங்கோங்குக்கு 26,800, மாதம் 700. தீவு முழுவதும், அதைச் சுற்றிய குட்டித் தீவுகளும் கம்பெனிக்கு நிரந்தரமாக. 1819-இல் வாடகை, 1824-இல் கிரயம் என்று நான் சொல்வது இதைத்தான். அடுத்த வருடம் கப்பலில் தீவைச் சுற்றி வந்து, புலாவ் உபினில் 21 குண்டு முழங்கி, கையகப்படுத்தியதை உறுதிசெய்தார்.

1824 ஜனவரியில் எடுத்த முதல் கணக்கெடுப்பில் 10,683 பேர். மலாய்க்காரர்கள்தான் அதிகம், அடுத்து சீனர். இந்தியர் 756. ஐரோப்பியர் மொத்தமே 74.

வரியே இல்லாத துறைமுகம் என்றால் செலவுக்குப் பணம் எங்கிருந்து?

போதையிலிருந்து. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லத் தேவையில்லை.

ராஃபிள்ஸ் சூதாட்டத்தைத் தடை செய்துவிட்டுப் போனார். கிராஃபர்ட் அதைத் திரும்பக் குத்தகைக்கு விட்டார். அபின், சாராயக் குத்தகைகளும் தொடர்ந்தன. நம்மூரில் கள்ளுக்கடை ஏலம் எடுப்பது போலத்தான். ஆண்டுக்கு இவ்வளவு என்று ஏலம் எடுத்தவர் அரசுக்குக் கட்டிவிடுவார். அபினைக் காய்ச்சி விற்கும் உரிமை முழுவதும் அவருக்கு. பெரும்பாலும் சீன முதலாளிகள்தான் எடுத்தார்கள். சுமை தூக்கிக் களைத்த சீனக் கூலி இரவில் இழுத்த புகையின் காசில் காவல் நிலையமும் பாலமும் வந்தன. சூதாட்டக் குத்தகை 1829-இல் போயிற்று. அபின் வருமானமோ அந்த நூற்றாண்டு முழுக்க அரசின் வரவில் ஏறக்குறைய பாதியாகவே இருந்துவந்தது.

எந்தக் குத்தகைக்காக ஃபார்குவாரைத் திட்டினார்களோ, அதே குத்தகைதான் அவர் போன பிறகும் ஊரை நடத்தியது. ராஃபிள்ஸ் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் வரியும் வாங்காதே, குத்தகையும் விடாதே, செலவும் கேட்காதே என்று சொல்லிவிட்டுக் கப்பலேறுவது யாருக்கும் எளிது.

கையெழுத்துப் போட்ட சுல்தானும் தெமெங்கோங்கும் என்ன ஆனார்கள்?

தெமெங்கோங் 1825-இல் இறந்தார். சுல்தான் ஹுசேன் கடனில் விழுந்து மலாக்காவுக்குப் போய், 1835-இல் அங்கேயே இறந்தார். ஆனால் தெமெங்கோங்கின் வம்சம் கெட்டிக்கார வம்சம். மகன் இப்ராஹிம் காலத்தில் பணம் சேர்த்து, பேரன் அபு பக்கார் காலத்தில் ஜொகூரின் சுல்தானாகவே ஆகிவிட்டார்கள். இன்றைய ஜொகூர் அரச குடும்பம் அந்த வழிதான்.

நாராயண பிள்ளை யார்?

சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலைத் தொடங்கியவர். அதற்கு முன்னால் செங்கல் வியாபாரி.

பினாங்கில் அரசு வேலையில் இருந்தவரை ராஃபிள்ஸ் தன் இரண்டாவது பயணத்தில், 1819 மே மாதம், 'இந்தியானா' கப்பலில் கூட்டி வந்தார். முதலில் கருவூலத்தில் நாணயங்களைப் பார்த்துத் தரம்பிரிக்கும் வேலை. கொஞ்ச நாளிலேயே அவருக்கு ஒன்று புரிந்தது. ஊர் முழுக்க அத்தாப்பு எனப்படும் ஓலைக் கூரையும் மரமும். வீடு கட்ட ஆள் இருக்கிறது, செங்கல் இல்லை. பினாங்குக்குச் சொல்லி அனுப்பிக் கொத்தனார், தச்சர், செங்கல் அறுப்பவர்களை வரவழைத்தார். தஞ்சோங் பகார் பக்கம் சூளை போட்டார். சிங்கப்பூரின் முதல் இந்தியக் கட்டட ஒப்பந்தக்காரர் அவர்தான்.

பிறகு துணி வியாபாரத்தில் இறங்கினார். 1822-இல் கடை தீப்பிடித்து எல்லாம் போயிற்று, கழுத்துவரை கடன். ராஃபிள்ஸிடம் முறையிட, கமர்ஷியல் ஸ்கொயரில் (இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸ்) இடம் கிடைத்தது. மறுபடி எழுந்து நின்றார். சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களுக்குள் வரும் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் தலைவராகவும் நியமிக்கப்பட்டார்.

கோயில் கதை இன்னும் சுவையானது. முதலில் தெலுக் ஆயர் தெருவில் இடம் கொடுத்தார்கள். 'தெலுக் ஆயர்' என்றால் தண்ணீர்க் குடா என்று பொருள், ஆனால் பூசைக்கு நல்ல தண்ணீர் அங்கே கிடைக்கவில்லை. அடுத்து கால்வாய் ஓரத்தில் ஓர் இடம். அது நகரத் திட்டத்துக்கு ஒத்துவரவில்லை. மூன்றாவதாக 1823-இல் இன்றைய இடம். 1827-இல் மரமும் அத்தாப்புமாக ஒரு சின்னக் கோயில் எழும்பியது. நாராயண பிள்ளை அதில் வைத்தது சின்ன அம்மன். ஊருக்கே செங்கல் விற்றவர் கட்டிய கோயில் மரத்தில் ஆனது எப்போதும் எனக்கு வேடிக்கையாகவே இருக்கும். செங்கல் கட்டடம் 1843-இல் வந்தது.

அவரைத் தவிர வேறு தமிழர்கள்?

உண்டு, நிறைய. சோழமண்டலக் கரை முஸ்லிம்களைச் சூலியா என்பார்கள். மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஜாமியா சூலியா பள்ளிவாசலைத் தொடங்கியவர் அன்சர் சாகிப். தெலுக் ஆயரில் 1827-இல் ஒரு குடிசையாக எழுந்த பள்ளிக்குக் குச்சுப் பள்ளி என்றே பெயர். அதே தெருவில் நாகூர் தர்காவும் இருக்கிறது.

மேலே அடிக்கடி வந்த முன்ஷி அப்துல்லாவையும் சேர்க்க வேண்டும். யேமனிலிருந்து வந்த அவருடைய கொள்ளுத்தாத்தா நாகூரில் ஒரு தமிழ்ப் பெண்ணைக் கல்யாணம் செய்தவர். அப்துல்லா மலாக்காவில் பிறந்து, சிறுவயதில் தமிழும் படித்தார். அன்று அங்கே வியாபாரக் கணக்குக்குத் தமிழ் தேவைப்பட்டது. ராஃபிள்ஸிடம் எழுத்தராக இருந்த அவர் எழுதி வைத்திராவிட்டால் எலிக் கதை, பீரங்கிக் கதை எதுவும் நமக்குத் தெரியாது.

தலைவர்கள் என்ற சொல்லுக்குள் வராத ஒரு கூட்டமும் உண்டு. 1825 ஏப்ரலில், மதராஸ் மாகாணத்தில் தண்டனை பெற்று பெங்கூலனில் அடைக்கப்பட்டிருந்த 80 கைதிகள் இங்கே வந்திறங்கினார்கள். அடுத்த வாரம் வங்காளத்துக் கைதிகள் 122 பேர். பிறகு பல பத்தாண்டுகள் வந்துகொண்டே இருந்தார்கள். ஐரிஷ் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கோல்மன் பொதுப்பணி அதிகாரியாக இருந்து சாலைகள் போட்டபோது சதுப்பில் இறங்கி மண் சுமந்தவர்கள் இவர்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயச் சுவரில் பளபளக்கும் பூச்சு மதராஸ் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுப் பூசியது. செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு தெரியும். இவர்களில் ஒருவருடைய பெயரும் எந்தச் சாலைக்கும் இல்லை.

சீனர்களில் முக்கியமானவர்கள்?

தான் டோக் செங். மலாக்காவில் பிறந்து, 1819-இல் வந்து, காய்கறியும் கோழியும் விற்றுப் பெரும் வணிகரானவர். ஏழைச் சீனர்களுக்கு ஆஸ்பத்திரி கட்ட 1844-இல் 5,000 ஸ்பானிய டாலர் கொடுத்தார். ஆசியர்களில் முதல் கௌரவ நீதிபதியும் அவர்தான். அவர் பெயரில் உள்ள மருத்துவமனை இன்றும் நாட்டின் பெரிய மருத்துவமனைகளில் ஒன்று. இன்னொருவர் சியா இயூ சின். சீனர்களில் ஒரு பிரிவான தியோசூ சமூகத்தின் தலைவர், கேம்பியர், மிளகுத் தோட்டங்களில் பெரும் பணம் பார்த்தவர்.

சரி, ராஃபிள்ஸ் நல்லவரா, கெட்டவரா?

ஜாவாவில் கேட்டால் ஒரு பதில் வரும். 1812-இல் அவர் ஆட்சியில்தான் பிரிட்டிஷ் படை யோக்யாகர்த்தா அரண்மனையைத் தாக்கிக் கொள்ளையடித்தது. சிங்கப்பூர்ப் பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால் வேறு பதில்.

எதுவாக இருந்தாலும் முடிவு சோகமானது. 1824-இல் ஊருக்குக் கிளம்பிய கப்பல் தீப்பிடித்து, வாழ்நாள் முழுக்கச் சேர்த்த ஓவியங்களும் சுவடிகளும் விலங்கு மாதிரிகளும் சாம்பலாயின. லண்டனில் விலங்கியல் சங்கம் தொடங்கி அதன் முதல் தலைவரானார். கம்பெனியோ ஓய்வூதியம் கொடுப்பதற்குப் பதில், நீதான் எங்களுக்கு 22,000 பவுண்டுக்கு மேல் தரவேண்டும் என்று கடிதம் போட்டது. 1826 ஜூலை 5 அன்று, 45-ஆவது பிறந்தநாளுக்கு முதல் நாள், இறந்தார்.

உண்மையான நிறுவனர் ஃபார்குவார்தான் என்கிறார்களே?

அவரும் அப்படித்தான் நினைத்தார். ஊர் திரும்பியதும் கம்பெனியிடம் மனுப்போட்டு வாதாடினார். 1839-இல் ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் இறந்தபோது, சிங்கப்பூரை நிறுவியவர் என்று கல்லறையிலேயே பொறித்துவிட்டார்கள். 'நிறுவனர்' பட்டம் யாருக்கு என்ற சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. இடத்தைத் தேர்ந்தெடுத்து வாதாடி வாங்கியது ஒருவர், முதல் நான்கு வருடம் அதைச் சாகாமல் காப்பாற்றியது இன்னொருவர், பத்திரத்தை முடித்தது மூன்றாமவர். சிலை மட்டும் ஒருவருக்கு.

2019-இல், இருநூறாம் ஆண்டையொட்டி, ஆற்றங்கரை ராஃபிள்ஸுக்குப் பக்கத்தில் சாங் நீல உத்தமன், தான் டோக் செங், முன்ஷி அப்துல்லா, நாராயண பிள்ளை ஆகிய நால்வருக்கும் சிலை வைத்தார்கள். சில நாள் கழித்து எடுத்துவிட்டார்கள். அந்த வரிசையிலும் ஃபார்குவார் இல்லை.

இதையெல்லாம் நேரில் பார்க்க எங்கே போகலாம்?

ஆற்றங்கரை வெள்ளைச் சிலை 1972-இல் வைத்த நகல். 1887-இல் திறந்த மூல வெண்கலச் சிலை விக்டோரியா அரங்கின் முன்னால், கொஞ்சதூரம் நடந்தால் போதும். ஃபோர்ட் கேன்னிங் குன்றுக்குச் சாயங்காலம் போங்கள், வெயில் தாங்காது. ஃபார்குவார் சீன ஓவியர்களைக் கொண்டு வரையவைத்த 477 இயற்கைப் படங்கள் தேசிய அருங்காட்சியகத்தின் சொத்து. தெலுக் ஆயர் தெருவில் தர்காவையும் குச்சுப் பள்ளியையும் சீனர்களின் தியான் ஹோக் கெங் கோயிலையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். கடலோரத் தெருவாக இருந்தது, இப்போது கடல் எங்கோ தள்ளிப்போய்விட்டது. மாரியம்மன் கோயிலுக்கு மட்டும் பகல் பன்னிரண்டு மணிக்குள் போய்விடுங்கள். நடை சாத்திவிட்டால் மாலை ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள்.